பசை மெஷினின் நான்காவது போல்ட்

அன்பு மகளே,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் என் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பித்திருக்கிறேன். எல்லோரும் இருக்கிறோம். அதை மட்டும் பொய் கலக்காமல் எழுதலாம்.

போனில் உன்னிடம் நாங்கள் சொன்னது பாதிகூட இல்லை. மாமா கையில் சின்ன அடி, கட்டுப் போட்டிருக்கிறது, தூங்குகிறார், குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று உன் அத்தையும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். நீ சின்னப் பிள்ளையா என்ன, குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாய். போன தடவை நீ "எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க, இனிமே நான் போனே பண்ண மாட்டேன்" என்று கத்திவிட்டு வைத்த பிறகு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போனில் சொல்ல என்னால் முடியவில்லை, அம்மாடி. தாள் என்றால் நடுவில் நிறுத்தலாம், முகம் கழுவிவிட்டு வரலாம், விட்ட இடத்தில் தொடரலாம். நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். உன் மாமாவுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, காயமும் ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் கை இல்லை. எப்படிப் போனது என்று வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நான் இருக்கிறேன்.

வீட்டுக்குக் கீழே நம் அட்டைப் பெட்டிப் பட்டறையில் ஜன்னலை ஒட்டி நிற்கும் பசை மெஷின் உனக்குத் தெரியும். மேலே ஒரு இரும்பு உருளை, கீழே ஒரு இரும்பு உருளை, கீழே இருப்பது பசைத் தொட்டியில் முங்கிச் சுற்றும், மேலே இருப்பது அழுத்திப் பிடிக்கும், நடுவில் நுழைகிற அட்டை பசை பூசிக்கொண்டு அந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான் அதன் வித்தை. உருளையில் பசை காய்ந்து கட்டி தட்டினால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நிறுத்திவிட்டுத் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், நிறுத்தினால் மீதிப் பசை இறுகிவிடும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எல்லோரும் ஓடும்போதே துடைப்போம், நானும் துடைத்திருக்கிறேன். அன்றைக்குச் செருப்புப் பெட்டி வேலை. நான் பின்னறையில் வெட்டுகிற மெஷினுக்குப் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது உன் மாமாவின் குரல் இல்லை, ஏதோ இரும்பு முறிகிற சத்தம். நான் ஓடி வருவதற்குள் ஒட்டுகிற பெண் சுவிட்சை அணைத்துவிட்டாள். துணியின் நூல் உருளையில் சுற்றி, துணி போய், துணிக்குப் பின்னால் கையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து மற்ற பற்களுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறங்கியிருந்தது, அதனால் உருளை முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. உன் மாமா குனிந்து, மெஷின் ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி அதன் மேல் காதை வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துவிட்டு "அக்கா, மாட்டிக்கிச்சு" என்றான். அட்டை மாட்டிக்கொண்டால் எப்படிச் சொல்வானோ அதே குரலில் சொன்னான். அந்தக் குரல்தான் இன்னும் என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மேல் உருளையைத் தூக்கினால் கை வந்துவிடும். உருளையின் இரண்டு முனையும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், பேரிங்குக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் ஒரு இரும்பு மூடி, மூடிக்கு இரண்டு போல்ட். ஆக நான்கு போல்ட் கழற்ற வேண்டும். அந்த மெஷினில் நான் கை வைக்காத இடமே கிடையாது, உன் அப்பா போன பிறகு எந்த மெக்கானிக் வருவான் போவான் என்று காத்துக் கிடக்க முடியாமல் நானே ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பழகி, தெருவில் ஸ்பானர் அக்கா என்று பெயர் வாங்கியவள்தானே நான். ஆனால் இந்த நான்கையும் தொட வேண்டிய தேவையே வந்ததில்லை. அவற்றின் மேல் பசை சொட்டி, துடைக்கிற தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து, துருவுக்கு மேல் மறுபடி பசை சொட்டி, தலை எது உடம்பு எது என்று தெரியாமல் குளவிக்கூடு மாதிரி இருந்தன. உளியால் சுரண்டினேன், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், துருவுக்குப் பீய்ச்சுகிற எண்ணெயைப் பீய்ச்சினேன். சாதாரண நாளில் எண்ணெய் விட்டுவிட்டு மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கமே போகமாட்டேன், அது தானாக போல்ட்டின் புரிக்குள், மரைக்குள் இறங்கி வேலை செய்யும். அன்றைக்கு எங்கே மறுநாள். பக்கத்துப் பட்டறை வெல்டர் சத்தம் கேட்டு கேஸ் சிலிண்டரோடு ஓடி வந்தார், சூடு காட்டினால் எப்பேர்ப்பட்ட போல்ட்டும் இளகும். ஆனால் அந்தச் சூடு இரும்பு வழியாக நேரே அவன் கைக்குத்தான் போகும், சுற்றிலும் வேறு அட்டையும் காகிதமும். அவரே சிலிண்டரைத் திரும்ப வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்ன செய்யட்டும் என்று என் முகத்தைப் பார்த்து நின்றார்.

முதல் போல்ட்டுக்கு ரிங் ஸ்பானரைப் போட்டு, அதன் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகிக்கொண்டேன். இறுகிப்போன போல்ட்டை உடனே அவிழ்க்கப் பார்க்கக் கூடாது, முதலில் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும், துரு விரிசல் விடுகிற அந்தச் சின்ன முனகல் கேட்டதும் திருப்ப வேண்டும். அப்படித்தான் செய்தேன், முனகியது, வந்தது. இரண்டாவதற்குத் தலையில் சுத்தியலால் தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டும் இரும்புக்குள் ஓடி அவன் கைக்குப் போய்ச் சேர்வது அவன் முகத்தில் தெரிந்தது. "வலிக்குதாடா" என்று கேட்டேன், என்ன கேள்வி அது, "நீ தட்டுக்கா" என்றான். அதுவும் வந்தது. ஒரு பக்கம் முடிந்தது என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, அந்தத் தைரியம்தான் கெடுத்தது. அதற்குள் தெருமுனை டாக்டரம்மா வந்து ஊசி போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அறுவை டாக்டரையே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது போல்ட் பசைத் தொட்டிப் பக்கம். துரு அதன் தலையைத் தின்றே விட்டிருந்தது. ஸ்பானர் ஒரு தடவை வழுக்கியது, இன்னொரு தடவை வழுக்கியது, மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டது, பிடிப்பே இல்லை. வெல்டர் மெதுவாக "அக்கா, தலையை உளியால வெட்டி எறிஞ்சிடலாமா" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏடாகூடமாக அடியோடு முறிந்தால் மூடியும் வராது போல்ட்டும் வராது, துருவோடு சேர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்றேன். அப்படி நடக்கவும் நடக்கும், நான் சொன்னது சுத்தப் பொய் இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று இன்றைக்கு என்னையே கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. போல்ட்டை முறிப்பது இந்த வேலையில் அவமானம். முறியாமல், மரை கெடாமல், மறுபடி போடுகிற மாதிரி எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று என் விரல்களுக்குள் ஊறிப்போயிருந்தது. அரத்தை எடுத்து அந்த உருண்டைத் தலையை இரண்டு பக்கமும் ராவி, சின்ன ஸ்பானர் பிடிக்கிற அளவுக்குத் தட்டையாக்க ஆரம்பித்தேன். நீயே யோசித்துப் பார், கூடப் பிறந்தவன் கை உருளைக்குள் நசுங்கிக்கொண்டிருக்கிறது, நான் உட்கார்ந்து போல்ட்டை ராவிக்கொண்டிருக்கிறேன்.

அறுவை டாக்டர் பையோடு வந்து நின்றார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றார். இதோ என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். இதோ வந்துவிட்டது என்றேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உன் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு மேல் தாமதித்தால் விஷம் உடம்பில் ஏறும், இங்கேயே மணிக்கட்டில் எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார். உன் அத்தை மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "எடுத்துடுங்க டாக்டர், எனக்கு அவர் உயிர் இருந்தா போதும்" என்று அலறினாள். உன் மாமா "இரு, அக்கா கழட்டிடுவா" என்றான். நானும் ஆமாம், இதோ என்றேன். எத்தனை இதோ சொன்னேனோ. அப்புறம்தான் அவன் தலையைத் திருப்பி என் கையில் இருந்த அரத்தையே பார்த்தான். ஊசி மயக்கத்தில் நாக்கு குழறியது, ஆனாலும் தெளிவாகச் சொன்னான். "அக்கா, நீ போல்ட்டக் காப்பாத்திக்கிட்டிருக்க. என் கையக் காப்பாத்துக்கா" என்றான்.

அரத்தைத் தூக்கி எறிந்தேன். பெரிய சுத்தியலையும் உளியையும் எடுத்து மூன்றாவதன் கழுத்தில் வைத்து அடித்தேன், அவன் அலறினான், நிறுத்தவில்லை, தலை தெறித்துப் போய்ச் சுவரில் விழுந்தது. நான்காவதை மறுபடி சுரண்டவும் இல்லை, மறுபடி எண்ணெய் விடவும் இல்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி நானும் வெல்டரும் சேர்ந்து மொத்த பாரத்தையும் போட்டுத் தொங்கினோம். டப்பென்று முறிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு போல்ட் முறிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மூடிகள் இழுத்ததும் வந்துவிட்டன, பிடித்துக்கொள்ளவே இல்லை, நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. கடப்பாரையால் உருளையை நெம்பினோம், கை வெளியே வந்தது. எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். முறிக்க ஆரம்பித்ததிலிருந்து கை வெளியே வந்தது வரைக்கும் ஆன நேரம், நான் அந்த மூன்றாவது போல்ட்டை ராவிய நேரத்தில் கால்வாசிகூட இருக்காது.

ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல்தான் முதலில் பார்த்தார்கள். நரம்பை ஒட்டவைத்தார்கள், கம்பி வைத்தார்கள், விரல் சூடாக இருக்கிறதா என்று நர்சுகள் வந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் சுண்டுவிரல் கொஞ்சம் சிவந்ததும் உன் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். அப்புறம் அது கறுத்தது, அடுத்ததும் கறுத்தது. உன் அத்தைதான் கையெழுத்துப் போட்டாள். எடுத்த பிறகு நான் அந்த டாக்டரை வராந்தாவில் மறித்து, சீக்கிரம் வெளியே எடுத்திருந்தால் கை தங்கியிருக்குமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "சொல்ல முடியாதும்மா. ரொம்ப நசுங்கின கை. அப்பவே வந்திருந்தாலும் போயிருக்கலாம், தங்கியும் இருக்கலாம்" என்றார். அந்த 'லாம்' இருக்கிறதே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். போயிருக்கும் என்று சொல்லியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் அதையும் சுமந்துகொண்டு போயிருப்பேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வரவில்லை இது.

வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்பாய். உன் அத்தை என்னோடு சண்டை போடவில்லை. போட்டால் நன்றாக இருக்கும். டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், கண்ணைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நீங்க இதோ இதோன்னுக்கிட்டே இருந்தீங்க அண்ணி" என்றாள். பார்க்க வருகிறவர்கள் வேறு. நம் பேச்சில் எதை எடுத்தாலும் கை வந்து நிற்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. ஒருத்தர் வந்து "கவலப்படாதீங்க, யாரும் உங்களக் கைவிட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னொருத்தர் உன் மாமா கைராசிக்காரர் என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கி, இருமி, தண்ணீர் கேட்டார். அன்றைக்கு உன் மாமா சிரித்தான். "அவரு பாவம்கா, எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கிறாரு" என்றான். அது ஒன்றுதான் அவன் சிரித்தது. மற்ற நேரமெல்லாம் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பார்த்து, முடியாமல், போடாமலே திறந்து விட்டுவிடுகிறான், நாங்கள் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுகிறான். ஒரு நாள் மத்தியானம் கதவிடுக்கில் பார்த்தேன், மடிக்காத செருப்புப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மடிக்கப் பார்க்கிறான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பார்க்காமலே, மலை மாதிரி பெட்டி மடித்துக் குவிக்கிறவன், உன்னிடம் பெட்டி மாமா என்று பெயர் வாங்கியவன். ஒரு பக்கத்தை மடித்து முழங்கையால் அமுக்கினால் அடுத்த பக்கம் எழும்புகிறது, மோவாயால் அமுக்கினால் இந்தப் பக்கம் எழும்புகிறது. கடைசியில் அதைக் கசக்கவும் ஒரு கை போதவில்லை, காலால் மிதித்தான். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஒட்டுகிற பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த அறைக்குள் நுழைய எனக்கே முடியவில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது, எனக்கு அளவு சரியாக இருக்கிறது, மாமாவுக்கு அனுப்பியதை அவனிடம் இன்னும் காட்டவில்லை, கை நீளமாக இருக்கிறது. முன்னறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. என் முழங்கால் அப்படியேதான், அதை விடு.

அந்த மெஷின் உருளை தூக்கினபடியே ஜன்னலடியில் நின்றது. அதை வீட்டை விட்டு வெளியே அனுப்பு, அது கீழே நிற்கிற வரைக்கும் தூக்கம் வராது என்று உன் மாமா சொல்லிவிட்டான். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்தார், தரையில் இருந்து கழற்றிக் கொடுங்கள், ஆட்களோடு வந்து தூக்கிப் போகிறேன் என்றார். தரையோடு அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் மெஷின் வந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவை. சிமெண்டுக்குள் இறங்கியவை, வருஷக்கணக்காக மேலே தண்ணீர் ஓடியது, பசை ஓடியது, ஒருவரும் தொட்டதில்லை. வெல்டர் தானே வந்து வெட்டிவிடுகிறேன் என்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். பெரிய ஸ்பானர், குழாய், எண்ணெய், உளி, சுத்தியல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யோசிக்கவே போவதில்லை, பிடி கொடுக்காவிட்டால் உடனே முறித்துவிடுவது என்று முடிவு செய்து ஸ்பானரைப் போட்டேன். திருப்பினேன். சுற்றியது, அம்மாடி. குழாய்கூடச் செருகவில்லை, வெறும் கைக்கே சுற்றியது. வெண்ணெயில் குத்தின மாதிரி, எண்ணெய் போட்டு நேற்று மாட்டின மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக எல்லாமே வந்தன. விரலாலேயே மீதியைச் சுற்றி எடுத்தேன், மரை பளபளவென்று இருந்தது. கடைசியாக வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதெல்லாம் வராமல் போயிருந்தால்தான் என்ன, யாருக்கு என்ன நஷ்டம். எனக்கு வாய் விட்டு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

சத்தம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பிறகு கீழே இறங்காதவன் இறங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றான். "என்னக்கா, உடைஞ்சிடுச்சா" என்று கேட்டான். இல்லை, வந்துவிட்டது என்றேன். அவன் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், ஒரு கையை மட்டும் ஊன்றி உட்கார இன்னும் பழகவில்லை, கொஞ்சம் சாய்ந்துபோய் என் தோளில் இடித்துக்கொண்டான். போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எம்மேல கோவமாடா" என்று கேட்டுவிட்டேன். இல்லை என்று சொல்வான் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். அவன் யோசித்துவிட்டு "ஆமாக்கா" என்றான். "கோவந்தான். தினமும் கண்ணு முழிச்சதும் கோவம் வருது. நீ ராவினியே, அது கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் எழுந்திருக்கப் போகும்போது, "ஆனா மறுபடி அப்படி மாட்டிக்கிட்டாலும் உன்னத்தான் கூப்பிடுவேன், வேற யாரு இருக்கா எனக்கு" என்று சொல்லிவிட்டு, போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் நம்புகிறேன். பின்பாதி என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதோ என்னவோ, அதை இன்னும் எடுத்து வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. மறுநாள் இரும்புக்காரர் வந்து மெஷினைத் தூக்கிப் போனார். அறை காலியாக இருக்கிறது, தரையில் நான்கு ஓட்டை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாமாவுக்குப் போன் பண்ணு, ஆனால் முதலில் அத்தையிடம் பேசு, எல்லோரும் அவனைத்தான் விசாரிக்கிறார்கள், அவள் சாப்பிட்டாளா தூங்கினாளா என்று கேட்க ஆளில்லை. அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாதே, கேட்டுக்கொள், எனக்காக வக்காலத்து வாங்காதே. மாமாவிடம் கையைப் பற்றி நீயாக எடுக்காதே. செயற்கைக் கை அது இது என்று உடனே விசாரிக்க ஆரம்பிப்பாய், உன்னை எனக்குத் தெரியும், விசாரித்து வைத்துக்கொள், அவன் வாயால் கேட்கிற வரைக்கும் சொல்லாதே. உன் வேலையைப் பற்றி, அங்கே பஸ் லேட்டாக வருவதைப் பற்றி, மாப்பிள்ளை சமையலைக் கருக்கியதைப் பற்றி எதையாவது பேசிக்கொண்டே இரு. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். நீ இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் நினைப்பதை மறைக்காமல் எழுது, உன் மாமா மாதிரி.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், இந்த வீட்டுக்கு வந்த கஷ்டத்தின் நிழல்கூட உங்கள் மேல் விழக் கூடாது, அம்மா தினமும் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். நீ அங்கே போனதிலிருந்து எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், எல்லாவற்றிலும் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம், செலவு செய்துகொண்டு வராதே என்றுதான் முடித்திருப்பேன். உன் அப்பா போனபோதுகூட இரண்டே நாளில் திரும்பிப் போ என்று உன்னை அனுப்பி வைத்தவள் நான்.

லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வா. என்னால் முடியவில்லை, வந்துவிடு.

உன்
அம்மா